விளக்கு எரியாத குஞ்சுப்பெட்டி

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் முட்டைகளைத் திருப்பினேன். பெருக்கல் குறி மேலே. மத்தியானம் வட்டக் குறி மேலே. சாயங்காலம் மறுபடி பெருக்கல். ஒவ்வொரு முட்டைக்கும் பென்சிலால் குறி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் நேற்று பஸ் ஏறினாள் இவள். இவளுடைய அக்கா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறாள். பார்க்க ஆளில்லை. இவள் போகாமல் யார் போவது?

எதிரே உட்கார்ந்து கேட்க ஆள் இல்லாததால் எழுதுகிறேன். நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன். கல்யாணத்துக்குப் பிறகு மணலைப் பரப்பி எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் இவள்தான். "எழுதிப் பழகுங்க, வாய்க்காவது ஓய்வு கிடைக்கும்" என்றாள். தெருவில் எனக்கு ரயிலு என்று பட்டப்பெயர். பேச ஆரம்பித்தால் கடைசிப் பெட்டி வர நேரமாகுமாம்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல வந்தேன், எங்கேயோ போய்விட்டேன். பழைய மர அலமாரியைப் படுக்கவைத்துச் செய்த குஞ்சுப்பெட்டி. உள்ளே நாலு நாற்பது வாட் பல்பு, ஒரு குட்டி விசிறி, ஒரு கிண்ணம் தண்ணீர். சூடு ஏறினால் தானே அணைத்து, இறங்கினால் தானே போடுகிற ஒரு ஸ்விட்ச். கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெப்பமானி முப்பத்தேழரையில் நிற்கவேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

அவ்வளவுதானா? எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் ஒரு பொட்டைக் கோழியும் ஒரு சேவலும் இடுக்கிக்கொண்டு வந்தவள் இவள். புள்ளிக்கழுத்துக் கோழி. அந்த வம்சத்தை ஒரே ஒரு சீக்கு வாரிக்கொண்டு போய்விட்டது. இத்தனை வருஷமாக யார் யாருக்குக் குஞ்சு கொடுத்தாளோ அந்த வீடுகளுக்கெல்லாம் படியேறி முட்டை கேட்டாள். நாற்பத்திரண்டு கிடைத்தன. அவள் வாங்கி வந்த பிறகு அந்த வீட்டுக் கோழிகளும் சாய்ந்துவிட்டன. ஆக, உலகத்தில் இனிப் புள்ளிக்கழுத்து என்றால் இந்தப் பெட்டிக்குள் இருப்பதுதான்.

"இதுவும் போச்சுன்னா நான் இனிமே கோழியே வளர்க்கமாட்டேங்க" என்றாள். சொல்லும்போது அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 5

மாப்பிள்ளை இங்கேதான் தங்கியிருக்கிறார். பக்கத்தில் ஒரு பெரிய கட்டடத்துக்கு வயர் இழுக்கிற வேலை. மகள் அவர்கள் ஊரில், அவளுக்கும் வேலை. ஆக வீட்டில் இரண்டு ஆம்பளைகள். நல்ல பிள்ளை; குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வார்த்தையை எண்ணித்தான் வெளியே விடுவார். "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" "ஆச்சு மாமா." "வேலையெல்லாம் எப்படி?" "போகுது மாமா." இரண்டு வார்த்தைக்கு மேல் போனால் அபராதம் கட்டவேண்டும் போல.

நேற்று, கிணற்றுக்குள் விழுந்த ஆட்டை மேலே எடுக்க இறங்கிய ஆளை எடுக்க இறங்கிய ஆளின் கதையைச் சொன்னேன். ஊரே விழுந்து புரண்டு சிரித்த கதை. முழுக்கக் கேட்டுவிட்டு, "ஆடு?" என்றார். பிழைத்துவிட்டது என்றேன். "சரி மாமா" என்று தட்டைக் கழுவப் போய்விட்டார்.

இன்னொன்று. பெட்டி ஓடுகிற நாளில் இந்த வீட்டில் முட்டை சமைக்கக் கூடாது; இவள் போட்ட சட்டம். மாப்பிள்ளையிடம் சொன்னேன். "ஏன்?" என்றார். உள்ளே இருக்கிறது கேட்டுவிடும் என்றேன். ஒரு நொடி பெட்டியையே பார்த்தார்.

பிப்ரவரி 7

போன் பண்ணினாள். அக்கா உட்கார ஆரம்பித்திருக்கிறாளாம். "முட்டை?" என்றாள். "நல்லா இருக்கு" என்றேன். "நீங்க?" என்று கேட்டது அதற்கப்புறம்தான்.

பிப்ரவரி 9

ஒரு பல்பு போய்விட்டது. மூன்று எரிகிறது. வெப்பமானி முப்பத்தேழைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மிச்சம் மூன்றும் அதே நாளில் வாங்கினவைதான். ஒன்று கிளம்பினால் மற்றதும் மூட்டை கட்டிவிடும்.

பல்புக் கடைக்குப் போனேன். "இந்தக் குண்டு பல்பெல்லாம் இப்போ வர்றதே இல்ல. இதை எடுத்துட்டுப் போங்க, ஒம்பது வாட்டுதான், வெளிச்சம் உங்க நாப்பதைத் தூக்கிச் சாப்பிடும்" என்றார் கடைக்காரர். நாலு வாங்கிவந்தேன். வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. நாளைக் காலையில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். வாட்டமாக இருக்கிற பெட்டி பளிச்சென்று ஆகிவிடும். இவள் வந்து பார்த்தால் அசந்துபோவாள்.

பிப்ரவரி 10

என்னத்தைச் சொல்ல.

காலையில் நாலையும் மாற்றினேன். பெட்டிக்குள்ளே பகல் மாதிரி வெளிச்சம். முட்டைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. சந்தோஷமாக டீ குடிக்கப் போய், அங்கே ஒருத்தர் பேச்சை ஆரம்பிக்க, நான் அதைப் பிடித்துக்கொள்ள... திரும்பி வந்தபோது வெப்பமானி முப்பத்திரண்டு. கெட்டுப்போச்சு, வெப்பமானி கெட்டுப்போச்சு என்றுதான் நினைத்தேன். இவ்வளவு வெளிச்சம் எரியும்போது சூடு எப்படிக் குறையும்? தட்டினேன். உதறினேன். மறுபடி வைத்தேன். முப்பது. கையை உள்ளே விட்டேன். சில்லென்று இருந்தது. பல்பைத் தொட்டேன். ஐயோ, பல்பே சுடல. எரியுற பல்பு, கையில பிடிக்கிறேன், சுடவே இல்ல! இப்படி ஒண்ணு உண்டா? வெளிச்சம்னா சூடுதானே? அடுப்பு அப்படித்தானே, விளக்கு அப்படித்தானே, சூரியனே அப்படித்தானே? பழைய பல்பை எடுத்து மாட்டினேன். கழற்றும்போது எங்கேயோ தட்டியிருக்கேன் போல, ஒண்ணுதான் எரிஞ்சுது. முட்டாள். முட்டாள். நான் ஒரு முட்டாள்.

வெந்நீர் போட்டேன். இருக்கிற பாட்டில் எல்லாவற்றிலும் ஊற்றித் துணியில் சுற்றி உள்ளே அடுக்கினேன். பெட்டிமேல் கம்பளி. ஆறினால் மறுபடி வெந்நீர். மாப்பிள்ளை வேலை முடிந்து வந்தபோது நான் தரையில் படுத்திருந்தேன். பெட்டியில் ஓரமாக இருந்த நாலு முட்டை என் சட்டைக்குள்ளே.

"மாமா?" என்றார்.

"எழுந்திரிக்க முடியாது மாப்பிள்ளை. அடை உட்கார்ந்திருக்கேன்."

புதுப் பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். வெந்நீர்ப் பாட்டில்களைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினாலும் தகும். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு அடுப்படிக்குப் போய் அடுத்த பானைத் தண்ணீரை ஏற்றினார். "இது சூடு கொடுக்காத பல்பு மாமா. வாங்குற கரண்டை வெளிச்சமாவே செலவு பண்ணிடும். உங்களுக்கு எப்படித் தெரியும்? விடுங்க" என்றார். எண்ணிப் பார்த்தால், கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் ஒரே மூச்சில் பேசியதில் இதுதான் அதிகம்.

குஞ்சுப்பெட்டிக்கென்றே ஹீட்டர் விற்கிறதாம். போன் போட்டுக் கேட்டார். வர நாலு நாளாகுமாம். அதுவரை முட்டை தாங்காது, வேண்டாம் என்றுவிட்டார்.

பிப்ரவரி 11

விடிந்ததும் மாப்பிள்ளை தெருவில் இறங்கினார். பழுதான கரண்ட் அடுப்பு யார் வீட்டில் கிடக்கிறது என்று கேட்டுப் போனார். பின்னாலேயே நானும். அவர் கேட்டால் "இல்லை" என்பார்கள், நான் கேட்டால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். தையல்காரம்மா வீட்டில் இரண்டு, பேப்பர் போடுகிறவர் வீட்டில் ஒன்று, இப்படியாக ஒன்பது காயில் சேர்ந்தது. சுருள் சுருளாகக் கம்பி. மாப்பிள்ளை வேலைக்கு மத்தியானம் வருவதாகச் சொல்லிவிட்டார்.

ஒரு காயிலை மட்டும் மாட்டி இரண்டு மீட்டர் வைத்தார். ஒன்று வோல்ட் காட்டும், இன்னொன்று நண்டு மாதிரி வயரைக் கவ்விக்கொண்டு ஆம்பியர் காட்டும்.

"வோல்ட் எவ்வளவு மாமா?"

"இருநூத்தி நாப்பது."

"ஆம்பியர்?"

"நாலு, புள்ளி, எட்டு."

"வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா அம்பது. அதுதான் இந்தக் கம்பி கரண்டைத் தடுக்கிற அளவு, அம்பது ஓம். வகுக்காம, ரெண்டையும் பெருக்குங்க, ஆயிரத்து நூத்தம்பது சொச்சம். அதுதான் வாட். சூடு."

"நமக்கு எவ்வளவு வேணும்?"

"பழைய பல்பு எத்தனை?"

"நாலு நாப்பது, நூத்தறுபது." வகுத்தல்தான் எனக்கு வராது. பெருக்கல் வாயிலேயே நிற்கும்.

"அப்போ இந்த ஒண்ணை மட்டும் வெச்சா?"

"நாப்பத்திரண்டு அவிச்ச முட்டை" என்றேன். மாப்பிள்ளை சிரித்தார். பல் தெரிந்தது. வரிசையான பல்.

பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் புரியவில்லை. சூட்டைக் குறைக்கவேண்டும் என்றால் கம்பியைக் குறைக்கத்தானே வேண்டும்? அவர் எட்டுக் காயிலை ஒன்றின் வாலில் ஒன்றாகக் கோத்தார். எட்டு ஐம்பது, நானூறு ஓம். மீட்டர் புள்ளி ஆறு ஆம்பியர்தான் காட்டியது. இருநூற்று நாற்பதைப் பெருக்கினால் நூற்று நாற்பத்து நாலு வாட். "போதும் மாமா" என்றார். கம்பி சிவக்கக்கூட இல்லை. சும்மா கறுப்பாகக் கிடந்தது. ஆனால் கையைக் கிட்டே கொண்டுபோனால் இதமான சூடு. அடியில் கூரை ஓடு பதித்து, கம்பிவலை போட்டு மூடி, எர்த் வயரும் கட்டினார். மீட்டர் இரண்டையும் அங்கேயே விட்டுவைத்தார். பிளக்கைப் பிடுங்காமல் யாரும் கைவைக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்.

"அடுப்பைக் கூட்டினா அனல் குறையுதே, இது என்ன ஞாயம்?" என்று கேட்டேன். யோசித்தார். கடைசியில் நானே சொன்னேன்: "கரண்டுன்னா கடைக்குப் போற பொம்பளைன்னு வெச்சுக்கலாமா? காயிலுங்கிறது வழியில நிக்கிற என்னை மாதிரி ஆளு. ஒரு ரயிலு நின்னாலே நின்னு பேசிட்டுத்தான் போகணும். எட்டு ரயிலு வரிசையா நின்னா எத்தனை பேரு கடைக்குப் போய்ச் சேருவாங்க?"

"அதேதான் மாமா" என்றார். பிறகு தனியாக இன்னொரு முறை, தனக்கே சொல்வது போல, "எட்டு ரயிலு" என்றார்.

பிப்ரவரி 12

காலையில் முப்பத்தேழரை. மாப்பிள்ளை நிம்மதியாக வேலைக்குப் போனார்.

மத்தியானம் முப்பத்தாறு. பிறகு முப்பத்தைந்து. மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. உயரத்தில் நிற்பார். என்ன செய்யட்டும்? பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிச்சமிருந்த ஒன்பதாவது காயிலையும் கோத்தேன். குளிர்ந்தால் விறகைத்தானே போடுவோம். கை தானாகச் செய்தது. நேற்றுப் பெருமையாக ரயிலுக் கதை சொன்ன அதே ஆள்தான்!

முப்பத்துநாலு.

அப்போதுதான் மீட்டரைப் பார்க்கத் தோன்றியது. வோல்ட் இருநூறு. காலையில் இருநூற்று நாற்பது இருந்தது, மத்தியானம் தண்ணீர் மோட்டார், மாவு மில், தையல் மிஷின் எல்லாம் ஓடினால் எங்கள் கடைசி வீட்டுக்கு மிச்சம் இதுதான் வரும். ஆம்பியர் புள்ளி நாலு நாலு. பெருக்கினேன். எண்பத்தெட்டு வாட். நூற்றறுபது வேண்டிய இடத்தில் எண்பத்தெட்டு.

உட்கார்ந்தேன். கடைக்குப் போகிறவர்களே இன்று குறைச்சல். அதில் ஒன்பதாவதாக ஒரு ரயிலை நிறுத்திவைத்திருக்கிறேன். ஆளை எடுக்கணும்டா, சேர்க்கக் கூடாது. இருநூறு வோல்ட்டில் நூற்றறுபது வரவேண்டும் என்றால் எத்தனை ஆம்பியர்? எட்டு இருபது நூற்றறுபது. அப்படியானால் புள்ளி எட்டு. இருநூறைப் புள்ளி எட்டால் வகுக்கவேண்டும். அது எனக்கு வராது. சரி, வகுக்காமலே போகலாம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி மீட்டரைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பிடுங்கித்தான்; சத்தியம் செய்திருக்கிறேன். எட்டில் புள்ளி ஐந்து. ஏழு. ஆறு. ஐந்து காயில் நின்றபோது புள்ளி எட்டு.

நூற்றறுபது.

பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முப்பத்தைந்து. முப்பத்தாறு. முப்பத்தேழு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது.

மாப்பிள்ளை ஓடிவந்தார். நான் கூப்பிட்டதைப் பிறகுதான் பார்த்தாராம். மீட்டரைப் பார்த்தார், காயிலை எண்ணினார், ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ போட்டுப் பார்த்தார். "நான் காலையில மட்டும் அளந்தேன் மாமா. மத்தியானம் வோல்ட் இறங்கும்னு யோசிச்சிருக்கணும். என் தப்பு" என்றார். "காலையில கூடுதலா சூடு ஏறினா?" என்று கேட்டேன். "ஸ்விட்ச் அணைச்சிடும். அஞ்சுதான் சரி."

ராத்திரிச் சாப்பாட்டை அவரே பரிமாறினார்.

பிப்ரவரி 13

போனில் கேட்டாள். "நல்லா இருக்கு" என்றேன். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

கதவு ஜன்னலைச் சாத்தி முட்டைகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். அதற்குத்தான் அந்த ஒன்பது வாட் பல்பு உதவியது. அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, உள்ளே பல்பை எரியவிட்டு, ஓட்டையில் முட்டையை வைத்தால் உள்ளே இருப்பது தெரியும். சுடாத வெளிச்சம், முட்டைக்கு நோகாது. கடைக்காரரைத் திட்டியதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

சிலது கரு கட்டாமல் வெறும் மஞ்சளாக இருந்தது. அதைத் தனியாக வைத்தோம். சிலதில் கறுப்பாகக் கலங்கி அசையாமல் கிடந்தது. அன்றைய குளிர். ஒவ்வொன்றையும் மாப்பிள்ளை இரண்டு கையாலும் எடுத்துவைத்தார். நானும்.

அப்புறம் ஒன்றில் மெல்லிய சிவப்பு நரம்பு, அதன் நடுவில் ஒரு நிழல். நிழல் துள்ளியது. மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டார். "மாமா, அசையுது." "ஆமா." "மாமா, அசையுது." அதையே மூன்று தடவை சொன்னார். எண்ணிப் பேசுகிறவர் கணக்கை மறந்துவிட்டார்.

இருபத்து மூன்று உயிரோடிருக்கிறது.

பிப்ரவரி 18

வந்துவிட்டாள். அக்கா கோலூன்றி நடக்கிறாளாம். வாசலில் பையைப் போட்டுவிட்டு நேரே பெட்டிக்குப் போனாள். கண்ணாடியில் முகத்தை வைத்தாள். உள்ளே இருட்டு.

"விளக்கு எரியலையே" என்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை எழுத எனக்கு எழுத்துப் போதாது. "விளக்கு எரியலையேங்க. எப்போருந்து எரியல? சொல்லுங்க!"

பெட்டியைத் திறந்து, அவள் கையைப் பிடித்து உள்ளே வைத்தேன். முட்டைகளுக்கு மேலே, அந்த இருட்டில்.

"சுடுதே" என்றாள். குழந்தை மாதிரி.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். போன முட்டைகளையும் சொன்னேன். அவள் குறி போட்ட அந்தப் பத்தொன்பதையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன், காட்டினேன்.

"ஏன் போன்ல சொல்லல?"

"சொன்னா அக்காவை விட்டுட்டு ஓடி வந்திருப்பே."

"வந்திருப்பேன்தான்" என்றாள். பத்தொன்பதையும் முந்தானையில் வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 19

இன்றுதான் இருபத்தொரு நாள் கணக்கு. ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 20

ஒன்றும் இல்லை. குளிர்ந்த முட்டை ஒரு நாள் பிந்தும் என்கிறாள். யாருக்குச் சொல்கிறாள், எனக்கா அவளுக்கா? கட்டட வேலை முடிந்து மாப்பிள்ளை இன்று ஊருக்குப் போகவேண்டியவர். பையைக் கட்டிவிட்டு, "நாளைக்குப் போறேன் அத்தை" என்றார்.

பிப்ரவரி 21

விடியலில் ஒரு கீச். பெட்டிக்குள்ளிருந்து. மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு ஓடினோம். ஓட்டில் ஒரு விரிசல், அதில் ஒரு மூக்கு நுனி. மத்தியானத்துக்குள் ஏழு. சாயங்காலம் பதினெட்டு. மீதி வரவில்லை.

ஈரம் காய்ந்து பஞ்சானதும் ஒன்றை எடுத்து மாப்பிள்ளை உள்ளங்கையில் வைத்தாள். "கெட்டியாப் பிடிக்காதீங்க தம்பி, அதுக்காகப் பயந்தும் பிடிக்காதீங்க." அவர் அப்படியே சிலையாக நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸையும் விட்டுவிட்டார்.

மார்ச் 2

பெட்டியிலேயே வளர்கிற குஞ்சுகளுக்கு இறகு முளைக்கிறது. இனிச் சூடு கொஞ்சம் குறைந்தால் போதும் என்றாள். ஆறாவது காயிலைக் கோத்தேன்.

"குறைக்கச் சொன்னா கூட்டுறீங்க?"

"ரயிலு ஒண்ணு கூடினா சூடு குறையும்."

"ஒரு ரயிலுகூடவே இத்தனை வருஷம் ஓட்டிட்டேன், எனக்கா தெரியாது" என்றாள். மீட்டரை வாங்கி அவளே பார்த்தாள். இருநூறு வோல்ட், புள்ளி ஆறு ஆறு. "சொல்லாதீங்க, நான் போடுறேன்" என்று விரலை மடக்கினாள். நூற்று முப்பத்திரண்டு. சரியாகத்தான் போட்டாள். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து முந்நூறு சொச்சம் ஓம் என்றும் சொன்னாள். வகுத்தலும் இவளுக்கு வருகிறது.

மார்ச் 10

எட்டுக் காயில்.

மார்ச் 24

சாயங்காலம் மாப்பிள்ளை போன் பண்ணினார். வாரத்துக்கு ஒரு தடவை இப்போது அவரே பண்ணுகிறார்.

"இப்போ எத்தனை காயில் மாமா?"

"ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. காலையில பிளக்கைப் பிடுங்கிட்டேன். எல்லாம் வெளியே வெயில்ல நிக்குது. நாலுக்குக் கழுத்துல புள்ளி தெரிய ஆரம்பிச்சிருக்கு."

போனைக் கொல்லைப் பக்கம் நீட்டிப் பிடித்தேன். இவள் தவிட்டைத் தூவிக்கொண்டிருந்தாள். பதினெட்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கத்திக்கொண்டிருந்தன. அவள் அதுகளோடு ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், அதுவும் கேட்டிருக்கும். அவர் வெகுநேரம் போனை வைக்கவில்லை. நானும் குறுக்கே பேசவில்லை.